சிவப்புப் பக்கம் வந்தால் திரும்பிவிடுங்கள்

ஜெராக்ஸ் அக்கா என்றால் அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்காவது நினைவிருக்குமோ என்னவோ. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை ஷட்டர் கடை. இரண்டு ஜெராக்ஸ் மிஷின், சில கம்ப்யூட்டர்கள், லேமினேஷன் போடும் இடத்திலிருந்து எப்போதும் வரும் சூடான பிளாஸ்டிக் வாடை. ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டை அவள் கை வழியாகத்தான் போயிருக்கிறது. பிரிண்ட் எடுத்ததும், வந்தவர் கண் முன்னாலேயே அதைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, "பாத்துக்கங்க, அழிச்சாச்சு" என்பாள். அதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கு மேலேயும் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'சிவப்புப் பக்கம் வந்தால் திரும்பிவிடுங்கள்.' மோசடித் தளங்களைக் கண்டுபிடித்து, திரை முழுக்கச் சிவப்பாக்கி எச்சரிக்கும் பெரிய இன்டர்நெட் கம்பெனி ஒன்றை அவள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். காரணமும் இருந்தது. பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒரு முறை போலி வங்கிப் பக்கத்துக்குள் நுழையப் போக, அந்தச் சிவப்புதான் அவரைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதே பாட்டு. கம்பெனி சொன்னால் சொன்னதுதான், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், திரும்பிவிடுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். தெருவும் கற்றுக்கொண்டது. நன்றாகவே கற்றுக்கொடுத்துவிட்டாள், பாவி மகள்.

பக்கத்துத் தெருவில் பளபளவென்று ஒரு கலர் பிரிண்ட் கடை வந்ததும் வியாபாரம் படுத்தது. அசருகிற ஆளா அவள்? கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் பிடித்துத் தன் கடைக்கென்று ஒரு இணையதளம் போட்டாள். சான்றிதழோ அடையாள அட்டையோ, வீட்டிலிருந்தே அனுப்பினால் போதும், வரும்போது பிரிண்ட் தயாராக இருக்கும். முதலில் அனுப்பியது அவள் தங்கச்சி. பிறகு தெருவே அனுப்பியது. கடை மறுபடி சூடு பிடித்தது.

ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தன் தளத்தைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. 'இந்தத் தளம் உங்கள் தகவல்களைத் திருடக்கூடும்.' உடனே போனை எடுத்தாள். மெக்கானிக் ஓடி வந்து பார்த்தார். அடையாள அட்டை கேட்கிற சின்னத் தளம் என்பதால் கம்பெனியின் இயந்திரம் அதுவாகவே மோசடி என்று முடிவு கட்டியிருக்கும் என்றார். சரி, வேறு பிரவுசரில் திறக்கச் சொல்லலாமே என்று அவள் கேட்டதற்கு அவர் தலையைச் சொறிந்தார்.

"எதுல திறந்தாலும் அந்த ஒரு கம்பெனியோட மோசடி லிஸ்ட்டைத்தான் பாக்குதுக்கா. பேருதான் வேற வேற."

"அப்ப நான் திருடி இல்லன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது?"

 கம்பெனியிடம் முறையிட இணையத்தில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. எழுதினாள். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அழாத குறையாக மறுபடி எழுதினாள். அதே வரி வந்தது. பேச ஒரு போன் நம்பர் கிடையாது, திட்டுவதற்கு ஒரு முகம் கிடையாது. அடப் பாவிகளா, சம்பளம் இல்லாமல் இத்தனை காலம் உங்களுக்காகக் கூவினேனே என்று அவள் மனம் எரிந்தது.

கம்பெனியாவது முகம் தெரியாதவன். தெரிந்த முகங்கள் செய்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பென்ஷன் பெரியவரே வந்து, தன் அட்டையை நிஜமாகவே அழித்தாயா என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு ஒரு மாலை, கலர் பிரிண்ட் கடையிலிருந்து ஃபைலோடு இறங்கி வந்த தங்கச்சி அவள் எதிரில் அகப்பட்டுக்கொண்டாள். இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தங்கச்சி.

"என்னடி, என்கிட்ட வர மாட்டியா?"

"புள்ளையோட சர்டிபிகேட்டுக்கா. ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"நான் திருடுவேனா?"

"நீ திருடுவன்னு நான் சொல்லல. ஆனா கம்பெனி சும்மா சொல்லுமா? யோசிக்காம திரும்பிடணும்னு நீதானேக்கா சொன்ன."

அக்கா வீடு திரும்பினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரி ஒருத்திதான் எப்போதும்போல வந்துகொண்டிருந்தாள். சிவப்பு கிவப்பெல்லாம் தனக்குத் தெரியாது, அக்காவைத் தெரியும் என்று சொல்லித் தன் அட்டையை நீட்டினாள். அக்கா ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அந்தச் சிவப்பு தானாகவே போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போனது, ஒரு வார்த்தை கிடையாது. மன்னிப்பா? அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே! அக்கா சுவரிலிருந்த தாள்களைக் கிழித்துப் போட்டாள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். தங்கச்சியும் அசட்டுச் சிரிப்போடு வந்தாள். அக்கா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். திரையை அவள் பக்கம் திருப்பி, யாரோ வெளியாளிடம் பேசுகிற மாதிரி, "பாத்துக்கங்க, அழிச்சாச்சு" என்றாள். தங்கச்சியின் முகம் சுண்டிப்போனது.

அதன் பிறகு தையல்காரி தன் மகளை வைத்து ஒரு இணையதளம் போட்டாள். ஆட்கள் தங்கள் பெயர், போன் நம்பர், உடம்பின் அளவு எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பிவிடலாம். அக்காதான் முதலில் திறக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கடைக்கே வந்து, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அக்கா சிரித்துக்கொண்டே முகவரியைத் தட்டினாள்.

திரை சிவப்பானது.

அக்காவின் விரல் 'திரும்பிச் செல்' என்பதை அழுத்திவிட்டது. யோசிக்கவே இல்லை. அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் வெறும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது என்னோடதுதானேக்கா" என்றாள் தையல்காரி மெதுவாக. "நீங்க ஏன் திரும்பிட்டீங்க?"