சல்பேட்டு குடித்த மத்தியானம்

என் முன்பல் பாதிதான் இருக்கிறது. மீதி, மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுச் சமையலறையில், அப்பா என் வாயில் சொம்பைத் திணித்தபோது உடைந்து விழுந்தது.

அப்பா காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிறவர். மழைக்கு முன்னால் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்கள். மூட்டையில் சல்ஃபேட் என்று அச்சடித்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது சல்பேட்டு. அதைக் கரைத்துக் குடித்துச் செத்த ஒருத்தி எங்கள் வரிசையிலேயே குடியிருந்தவள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான்தான், நாலெழுத்து படித்ததும் மறந்துபோனேன்.

மலையில் பிறந்துவிட்டுக் கடல்பாசியில் ஆராய்ச்சி செய்கிறேன். தின்னக்கூடிய பழுப்புப் பாசியில் ஃபூகாய்டான் என்றொரு பொருள் உண்டு. ஃபூகோஸ் என்ற சர்க்கரை கண்ணி கண்ணியாகக் கோத்த நீளச் சங்கிலி அது. சில கண்ணிகளில் சல்ஃபேட் ஒட்டியிருக்கும். இரண்டாம் இடத்தில் ஒட்டியிருக்கிறதா, நாலாம் இடத்திலா என்பதுதான் என் கேள்வி. பாசியை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கில் மட்டும் சல்ஃபேட்டைப் பிய்த்தெடுக்க வேண்டும். பிறகு இரண்டு பங்கிலும் காலியான இடங்களை அடைத்துப் பார்த்தால், எது மாறியிருக்கிறதோ அதுதான் சல்ஃபேட் இருந்த இடம். பிய்க்கும்போது கொஞ்சம் சூடு கூடினாலும் சங்கிலியே நொறுங்கிவிடும். எத்தனையோ முறை நொறுக்கியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை கரடியூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்து போனார்கள். திங்கட்கிழமை நான் காலேஜுக்குத் திரும்ப வேண்டும். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மா வேலைக்குக் கிளம்பியதும் நான் அடுப்பில் பாசி சூப் வைத்தேன்.

"திங்கக்கிழம நீ எங்கயும் போவேண்டாம்" என்றார் அப்பா.

"போவேனுங்க."

அறைந்தார். நான் டம்ளரைச் சுவரில் வீசினேன். கோபத்தில் நான் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள். என் ஆராய்ச்சி நோட்டை எடுத்துக் குறுக்காகக் கிழித்தார்.

"அந்தப் பாசியில அப்புடி என்ன எழவுதான் இருக்குது?"

"சல்பேட்டு இருக்குதுங்க. அது எங்க ஒட்டியிருக்குதுன்னு பாக்கறேன்."

"சல்பேட்டுக்கு எஸ்டேட்டுல பஞ்சமா? அதுக்கு ஒரு காலேசா?"

வேறு நேரமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். மறுபடி அறை விழுந்தது. காது கொய்யென்றது. இது விஷமில்லை, சாப்பாடு என்று அவர் முகத்துக்கு நேராகக் காட்டிவிட வேண்டும் என்ற வெறி வந்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறியிருந்த சூப்பைச் சட்டியோடு தூக்கினேன்.

"பாருங்கப்பா, சல்பேட்டுதானுங்க! குடிக்கறேன்!"

மடமடவென்று குடித்தேன். கொழகொழவென்று தாடையில் வழிந்தது.

செடிக்கு அடித்து மிஞ்சிய துத்தம் வீட்டு மூலையில் பொட்டலமாகக் கிடந்தது. அதைக் கலந்து குடித்துவிட்டேன் என்று அப்பா நினைத்தார். அப்படி ஒரு அலறலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் சாய்த்தார். நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். சோப்பைத் தண்ணீரில் கரைத்து, சொம்பு சொம்பாக என் வாயில் ஊற்றினார். நான் வாயை மூட, பல் உடைந்தது. தொண்டைக்குள் விரல்களை விட்டுக் குடைந்தார். உதடு கிழிந்தது. சோப்பு நுரையும் பாசியும் ரத்தமும் கலந்து வாந்தியெடுத்தேன். "கக்கு சாமி, கக்கு கண்ணு" என்று சொல்லிச் சொல்லி முதுகில் குத்தினார்.

எஸ்டேட் ஜீப்பில் என்னை மடியில் போட்டுக்கொண்டார். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டினார்.

"ஏனுங், சீக்கிரம் போங்க, என்ற புள்ள செத்துப்போயிரும்!" பிறகு என்னிடம் குனிந்து, "திங்கக்கிழம போ சாமி. எங்க வேணும்னாலும் போ. கண்ணாலம் வேண்டாம். உசுரோட இருந்தாப் போதும்" என்றார்.

அதற்குள் எனக்குப் பேச வந்துவிட்டது. வெறும் பாசிதானுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமை போய்விடும் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அப்பா அவர் காலில் விழுந்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். முடிவில் அந்தச் சல்ஃபேட் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தும் விட்டேன். அப்பா அதன்பிறகு என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மருந்தடிக்கும் வேலையை விட்டுவிட்டு எஸ்டேட்டில் களை வெட்டுகிறார். ஊருக்குப் போனால், நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் பின்னாலேயே வந்து நிற்கிறார். நான் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்தால்கூட முதலில் அவர் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுக்கிறார்.