பின்னால் நகரத் தெரியாத பொம்மை

நடவு நடுகிற பெண்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள், தெரியுமா உங்களுக்கு? தினமும் சோறு தின்கிறவர்தானே, சொல்லுங்கள்.

பின்பக்கமாக. குனிந்த முதுகு நிமிராமல், நட்ட நாற்றை முன்னால் விட்டுவிட்டுப் பின்வாங்குவார்கள். வலங்கைமான் பக்கத்துப் பூவிழிக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். வரிசைக்குப் பின்னால், வரப்பில் உட்கார்ந்திருப்பாள். அம்மா பொன்னுத்தாயின் முதுகு அடியடியாக அவளை நோக்கி வரும். வரப்பைத் தொட்டதும் அம்மா சேற்றுக் கையோடு திரும்பிச் சிரிப்பாள். அந்த முகத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருப்பது.

ஒரு குறுவை நடவில் பொன்னுத்தாய் வயலிலேயே சுருண்டு விழுந்து செத்தாள். கொன்றது வெயில். "விதி" என்றார் நிலத்துக்காரர். கொட்டகை நிழலில் நின்றவருக்கு அப்படிச் சொல்வது சுலபம். வேலை செய்கிற அம்மாவை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை.

பூவிழி படித்து, தஞ்சாவூரில் வீடியோ கேம் செய்யும் சின்ன நிறுவனமொன்றில் சேர்ந்தாள். நெல் விவசாய விளையாட்டு ஒன்று வந்தபோது நடவுக் காட்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவைத் திரையிலாவது பார்த்துவிட வேண்டும். கேம் செய்ய உதவும் மென்பொருளான கேம் எஞ்சினில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. 'நகர்' என்று கட்டளையிட்டால் பொம்மை நடக்கும். உள்ளே ஓடும் கணக்கு நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் எவ்வளவோ உழைப்பு மிச்சம், அவள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளை, போகிற திசைக்கே பொம்மையின் முகத்தைத் திருப்பிவிடும். பின்னால் நகரச் சொன்னாலும் திரும்பிக்கொண்டு முன்னால்தான் நடக்கும். தனக்கு முன்னால் நாற்றை நட்டுவிட்டு, அடுத்த அடியில் அதையே மிதித்துக்கொண்டு போனது பொம்மை.

பூவிழி கட்டளையைத் திறந்து, பின்னால் நகர வழி எழுதினாள். குழுத் தலைவர் எல்வின் பார்த்துவிட்டார்.

"எஞ்சின்லயே கை வச்சிட்டியாம்மா? அடுத்த அப்டேட் வந்தா மொத்தமும் புட்டுக்கும். எடுத்துரு."

"நட்டத மிதிக்கிறாங்கண்ணா."

"விளையாடுறவன் நாத்தையா பாக்கப் போறான்? பாயிண்ட்டப் பாப்பான்."

"நீங்க திருவாரூர்தானே? உங்க ஊர்ல மிதிச்சிக்கிட்டேவா நடுறாங்க?"

"எங்க ஊர்ல இப்ப மிஷின் நடுது. அது முன்னாலதான் போவுது," என்று சிரித்தார். அவள் எழுதியது அன்றைக்கே நீக்கப்பட்டது; பொம்மைகள் வரப்பைவிட்டு முன்னோக்கியே நட்டுக்கொண்டு போகும்படி காட்சி அமைந்தது.

விளையாட்டு வெளியானதும் பூவிழி அதைத் தன் போனில் திறந்தாள். திரைக் காட்சியின் கோணத்தைத் திருப்பித் திருப்பி, சின்ன வயதில் தான் உட்கார்ந்திருந்ததைப் போல வரிசைக்குப் பின்னாலுள்ள வரப்புக்குக் கொண்டுவந்தாள். பொம்மைப் பெண்கள் நட்டார்கள், மிதித்தார்கள், அவளைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் வரப்புக்கு வரவில்லை.

'நகர்' என்பது தெய்வவாக்கு அல்ல. நடவைப் பார்த்தேயிராத யாரோ ஒரு மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதைத் திருத்தலாம். அந்த விளையாட்டு உங்கள் போனுக்கும் வரும். வந்தால், கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள்: "அந்தப் பெண்களைப் பின்னால் வரவிடுங்கள்."