சால்வைக்காரனுக்கு முதலிடம்

முரசுமோட்டையில் எங்கள் வாய்க்கால் கரையில் றேடியோப் பெட்டி இருந்த வீடு ஒன்றுதான். பெட்டிக்குச் சொந்தக்காரர் அப்புத்துரையர். மூளைக்குச் சொந்தக்காரர் அவருடைய மனைவி நேசமலரக்கா. இதை நான் அந்த மனிதரின் காதுபடச் சொல்லியிருந்தால் அடுத்த கிழமை அந்த முற்றத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டுப்படும் மம்மல் பொழுதில் ‘துப்பறியும் தனபாலர்’ நாடகம் வரும். நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம். பகல் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு, கொலைகாரன் யாரென்று அறியக் கால்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வருவோம். நாடகம் முடிந்ததும் எங்கள் சண்டை தொடங்கும். இதுவரை வந்த கதைகளில் எது முதலாவது, எது இரண்டாவது, எது குப்பை என்று ஒவ்வொரு கிழமையும் புதிதாக வரிசைப்படுத்துவோம். இதில் முகம் முறிந்து மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

அப்புத்துரையருக்கு முதுகு சில்லிட வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் கணக்கு வேறு. “முடிவைக் கேட்டாப் பிறகு தொடக்கத்தைத் திருப்பி யோசிச்சுப் பாருங்கோ. பொருந்தாட்டி அது கதையில்லை, புளுகு” என்பார். அவருக்கு முதலிடம் ‘பூட்டிய அலுமாரி’. அதில் தனபாலர் பிழையான ஆளைப் பிடித்துவிட்டு, பிறகு தானே போய் விடுவிப்பார். புருசனுக்கு அது கட்டோடு பிடிக்காது. “துப்பறியிற ஆள் பிழைவிடுறதைக் கேக்கவோ நான் பற்றறி வாங்கிப் போடுறன்?” என்று கத்துவார்.

அவருடைய முதலிடம் ‘சால்வைக்காரன்’. கடையொன்றுக்குத் தீ வைக்கப் போகிறவன் மம்மலில் குளக்கட்டால் நடக்கிறான். சால்வைக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தல். அதன் கழுத்து மட்டும் வெளியே தெரிகிறது. காவற்காரன் அதைக் கண்டுவிடுகிறான். இந்த இடத்தை அப்புத்துரையர் சந்தையில், வண்டிலில், வயல் வரம்பில் என்று போகிற இடமெல்லாம் நடித்துக் காட்டுவார். நன்றாகத்தான் நடிப்பார், பொய் சொல்லக் கூடாது.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மாசியில் தொடரின் கடைசிக் கதை வந்தது. அன்று நாங்கள் எல்லோரும் களத்தில் நெல்லடிப்பில் நின்றோம். பெட்டிக்கு முன்னால் புருசனும் மனைவியும் மட்டுந்தான். அன்றிரவு கனகலிங்கத்தாரின் சூடு எரிந்தது. அறுத்து அடுக்கி வைத்த நெற்கதிர்க் குவியலைத்தான் நாங்கள் சூடு என்போம். ஒரு குடும்பத்தின் வருசச் சோறு விடியும்போது சாம்பலாகக் கிடந்தது.

பழி வீரகத்தியின் தலையில் விழுந்தது. மாடு வயலுக்குள் இறங்கிய விசயத்தில் கனகலிங்கத்தாரோடு அவனுக்கு ஏற்கெனவே வாய்த்தர்க்கம். பொலிஸ் வந்து விசாரித்தபோது அவன் சொன்னது இதுதான்: “மம்மலுக்குள்ள காய்ச்சல்கார மகளைத் தூக்கிக்கொண்டு பரியாரியார் வீட்டை போனனான் ஐயா. அவர் இல்லை, திரும்பியிட்டன். அப்புத்துரையண்ணை வீட்டடியாலதான் போனனான். அவர் கண்டவர், கேட்டுப் பாருங்கோ.”

கேட்டார்கள். அப்புத்துரையர் பொலிஸ்காரருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். “ஓம், கண்டனான். சால்வையைப் போர்த்துக்கொண்டு போனவன். உள்ளுக்குள்ள போத்தல். கழுத்து வெளியில தெரிஞ்சது.”

வீரகத்தி மறியல் சிறைக்குப் போனான். புருசன் சொன்னதை நேசமலரக்கா குசினி வாசலில், அடுப்படியில் நின்று கேட்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, அந்தப் போத்தல் நாடகத்தில வந்ததெல்லே?” என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்.

“என்ரை கண்ணை நம்பாத மனிசி உலகத்தில நீ ஒருத்திதான்” என்று அவர் பாய்ந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அக்காவைப் பயப்படுத்தியதே அதுதான். பொய் சொல்கிற ஆளை எங்கேயாவது ஓரிடத்தில் மடக்கலாம். மனதார நம்புகிற ஆளை என்ன செய்வது? மகளைத் தூக்கிக்கொண்டு போனவன் வருசக்கணக்கில் உள்ளே கிடக்கப் போகிறான், அதுவும் தன் வீட்டுச் சாட்சியால், என்று நினைத்து அக்கா வழி தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் றேடியோவில் ஓர் அறிவித்தல் வந்தது. நேயர்கள் தபாலட்டையில் தெரிவு செய்யும் ஐந்து சிறந்த கதைகளை, ஐந்தாவதில் தொடங்கிக் கிழமைக்கு ஒன்றாக மீண்டும் ஒலிபரப்புவார்களாம். அப்புத்துரையர் கொலனி முழுவதற்கும் தானே அட்டை எழுதினார். எழுத்து வாசனை இல்லாதவர்கள் பெயரிலும் ‘சால்வைக்காரன்’ முதலிடம் என்று எழுதிப் போட்டார். அது முதலாவதாக வந்தால், வழக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒலிக்கும். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். போத்தல் கதை புருசனின் வாயால் வரும்வரைக்கும் அது அவர் கண்ட காட்சிதான். பெட்டியின் வாயால் வந்தால் ஒருவேளை உறைக்கும்.

ஆனால் பற்றறி இறங்கிக்கொண்டு வந்தது. கிளிநொச்சிக் கடைகளில் சரக்கு இல்லை. அக்கா அதைப் பகலில் வெயிலில் காயவைத்தார். பாட்டு இல்லை, செய்தி இல்லை என்று பெட்டியைத் துணியால் மூடிக் கட்டினார். ஐந்தாவது கதையை எல்லோரும் கேட்டோம். நாலாவதற்குக் காதை நீட்டினோம். மூன்றாவது வந்தபோது தனபாலரின் குரல் காதடியில் பறக்கும் நுளம்பின் குரலாகிவிட்டது. ‘இரண்டாம் இடம், பூட்டிய அலுமாரி’ என்று அறிவிப்பாளர் சொன்னதும் அக்கா எழுந்து பெட்டியை நிற்பாட்டினார். அவருக்கு உயிரான கதை அது.

“என்னணை செய்யிறியள்?” என்று நானே கத்தினேன்.

“அடுத்த கிழமை கேக்கவேணுமெண்டால் இண்டைக்கு எழும்பிப் போங்கோ” என்றார். திட்டிக்கொண்டு கலைந்தோம். அப்புத்துரையருக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. பாவம், தன் கதைக்காக மனைவி விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தார்.

முதலாவது கதை வரவிருந்த ஞாயிறன்று அக்கா வீரகத்தியின் மனைவி சிவனேஸ்வரியிடம் போனார்.

“உங்கட வீட்டு முத்தத்தை நான் மிதிக்கமாட்டன் அக்கா. என்ரை மனிசனை உள்ளுக்கு அனுப்பின முத்தம் அது.”

“தெரியும், பிள்ளை. அனுப்பின வாயாலயே அவரைத் திருப்பி எடுக்கவேணும். வந்து அந்த மனிசனுக்கு முன்னால இரு. வேறை ஒண்டும் நீ செய்ய வேண்டாம்.”

சிவனேஸ்வரி வந்தாள். முற்றம் நிறைந்திருந்த சனம் விலகி வழிவிட்டது. அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய் அப்புத்துரையருக்கு எதிரில் இருந்தாள். பனி விழத் தொடங்கியிருந்தது. தோளில் தூங்கிய மகளைப் புருசனின் சால்வையால் போர்த்தியிருந்தாள்.

பெட்டி முதலில் கரகரத்தது, பிறகு அடங்கிப்போனது. அக்கா பற்றறியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். மெல்லிய குரலொன்று எழும்பியது. எல்லோரும் முன்னால் சரிந்தோம். காவற்காரன் பேசினான்: “கண்டேன் ஐயா. சால்வை போர்த்திக்கொண்டு போனான். உள்ளே போத்தல். அதன் கழுத்து வெளியே தெரிந்தது.”

அப்புத்துரையர் வழக்கம்போல அந்த வசனத்தைக் கூடவே சொல்லத் தொடங்கினார். பாதியில் அவர் குரல் நின்றது. எதிரே சால்வைக்கு வெளியே, பிள்ளையின் பாதம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

அப்புத்துரையர் கையை நீட்டிப் பெட்டியை நிற்பாட்டினார். தீ வைத்தவன் பிடிபட இன்னும் நேரமிருந்தது. சனம் ஓவென்று கத்தியது.

“அது போத்தல் இல்லை” என்றார்.

வழக்கு நாளில் அவர் சாட்சிக் கூட்டில் ஏறி நின்றார். “போத்தலை நான் காணேல்லை, ஐயா. கேட்டனான்” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. சட்டத்தரணிகள் தலைகுனியும் அளவுக்கு அவரைக் கிழித்தெடுத்தார். ஆனால் மாலைக்குள் வீரகத்தி வெளியே வந்தான். சூட்டுக்குத் தீ வைத்தது யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

வெளியே வந்தவன் மகளைத் தூக்கிக்கொண்டு நேரே அப்புத்துரையரிடமும் அக்காவிடமும் வந்தான். அடிக்கப் போகிறான் என்று நான் குறுக்கே போனேன். அவன் சத்தம்கூட உயர்த்தவில்லை.

“அண்டைக்கு நான் உங்களைக் கூப்பிட்டனான், அண்ணை. பிள்ளையைக் கொண்டுபோகச் சைக்கிள் கேக்கத்தான். நீங்கள் பெட்டியடியில இருந்துகொண்டு, போ எண்டு கையைக் காட்டினனீங்கள்.”

பிறகு நடந்ததை அக்கா எனக்குப் பல வருசம் கழித்துத்தான் சொன்னார். வீடு திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு புருசன் அக்காவிடம் கேட்டாராம்:

“மெய்யே, அவன் கூப்பிட்டவனே?”

“ஓம். எனக்குக் குரல் கேட்டது. ஆரெண்டு எழும்பிப் பாக்கேல்லை. நாடகத்தில கொலைகாரனைச் சொல்லப் போற நேரம்.”