சோதனைச் சாவடியில் பேஸ் டிரம்

என் அக்காள் கணவருக்கு ஜாஸ் டிரம் வாசிப்பதுதான் தொழில். ஐம்பதுகளில் எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் இதைச் சொன்னால் ஜாஸ் என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. மாதச் சம்பளமா என்றுதான் கேட்டார்கள். சாமல்பட்டியில் பறை அடித்தவரின் மகன் அவர். யுத்தத்தின்போது பட்டாளத்து பேண்டில் சேர்ந்து, பெங்களூரில் முகாமிட்டிருந்த அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய் ஒருவரிடம் பழைய பாணி ஜாஸைக் கற்றுக்கொண்டார். பிறகு கண்டோன்மென்ட் ஓட்டல் ஒன்றில் வாசித்தார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பின் ஆடுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது; கடைசியில் ஓட்டல்காரர் குழுவைக் கலைத்துவிட்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஜோலார்பேட்டை ரயில்வே கிளப்புக்கு டிரம்மர் தேவைப்பட்டது. அன்று மாலை வாசித்துக் காட்ட வேண்டும். சாமான் தூக்கத் துணையாக பெங்களூரிலிருந்து நானும் அவரோடு பஸ்ஸில் வந்தேன். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. தலைமையிடத்தை விட்டு வெளியே போக முன் அனுமதி வாங்கியிருந்தேன். அந்த மாவட்டத்தில் அதை உண்மையிலேயே வாங்கியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

ஓசூருக்கு முன்னால் மதுவிலக்குச் சாவடி. மைசூர் பக்கம் கடையில் விற்கும் புட்டி, நம் பக்கம் வந்தால் குற்றம். சாவடிக்காரர்கள் ஸ்டெப்னி டயர், எண்ணெய் டின், பலாப்பழம் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார்கள். டங் என்றால் காலி, பொத் என்றால் சரக்கு. எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த விதியைத்தான் அங்கே ஒழுங்காகப் பின்பற்றினார்கள்.

காலையிலிருந்து தூறல். பஸ்ஸின் மேலே தார்ப்பாயையும் மீறி ஈரம் ஏறிய மாமாவின் பெரிய பேஸ் டிரம்மை இறக்கி, ஏட்டு விரலால் தட்டினார். பொத்.

"உள்ள என்னாய்யா இருக்குது?"

"காத்துதாங்க."

"காத்து இப்படியா சத்தம் போடும்? தோல அறுத்தா தெரிஞ்சுட்டுப் போவுது."

மாமாவின் முகம் செத்துப்போனது. அது கன்றுத்தோல், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். அறுத்தால் மாலையில் வாசிப்பில்லை, வேலையுமில்லை. எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மாமா குடிப்பவர். உள்ளே நிஜமாகவே புட்டி இருந்தால்?

"சோதனை போடணும்னா உள்ளூர்ல மதிப்பான ஆளுங்க ரெண்டு பேரு சாட்சி வேணுங்க" என்றேன்.

"பஸ்ஸு பூரா சாட்சிதான். உங்களவிட மதிப்பாத்தான் இருக்கறாங்க."

கல்லாவிச் சந்தைக்குக் கோழிக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். "மழைக்குத் தோலு அப்படித்தான் கெடக்கும், சாமி. எங்கூர்ல தீயில காட்டி அடிப்பாங்க."

"தீ வேண்டாங்க" என்றார் மாமா அவசரமாக. "உள்ளாற பல்பு வெச்சிருக்கறன், தோலு காய. கரண்டு குடுங்க, நீங்களே பாக்கலாம்."

டிரம்மின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து ஒயர் ஒன்று நீண்டிருந்தது. சாவடி அறைக்குள் உருட்டிப் போய்ச் சொருகினோம். ஜன்னலைச் சாத்தினார்கள். தோல் மஞ்சளாக எரிந்தது. கன்றின் நரம்புகள்கூடத் தெரிந்தன. புட்டியின் நிழலைத் தேடி என் கண் அடிவரை இறங்கியது. பல்பின் நிழல் மட்டும்தான். மூச்சு விட்டேன்.

மாமா விடவில்லை. "அணைச்சுருங்க, போதும்" என்றார்.

"இருய்யா, நல்லாருக்குது." ஏட்டு சமையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். டிரைவரும் வந்தார்.

ஈரத்தில் தளர்ந்த தோலை அன்று காலைதான் மாமா இறுக்கமாக முறுக்கியிருந்தார். இப்போது சூட்டில் அது இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லத் தட்டுவார்; சத்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். உடனே விளிம்பைச் சுற்றி வந்து திருகாணிகளைக் கையால் தளர்த்துவார். மறுபடி தட்டுவார். மறுபடி ஏறியிருக்கும்.

"மச்சான், கிழிஞ்சுரும்" என்றார் என் காதருகே. "சொல்லு அவருகிட்ட."

சொல்ல எனக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை. "நீங்களே இன்னொரு தடவ தட்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஏட்டு தட்டினார். டங்.

"காலி" என்று அறிவித்தார். எதையும் வெளியே எடுக்காமலே காலியான பொருளை அரசாங்கம் அங்கீகரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கினேன்.

மாமா மறுபடி டிரம்மைப் பஸ்ஸின் மேலே ஏற்ற விடவில்லை. மடியில் வைத்து, சட்டையைக் கழற்றித் தோலின்மேல் போர்த்தியிருந்தார். ஓசூர் தாண்டியதும் கேட்டார்:

"கிருஷ்ணகிரிலயும் இந்த மாதிரி கேட் இருக்குதா?"

"இருக்குது மாமா."

தூறல் நிற்கவில்லை. சட்டைக்குள் கைவிட்டுத் தட்டினார். குளிர்ந்து தோல் மறுபடி பொத் என்றது. திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கத் தொடங்கினார்.

கிருஷ்ணகிரியில் தட்டியபோது டங் என்றது. மாலையில் வேலையும் கிடைத்தது. அந்தக் கிளப்பில் பல வருஷம் வாசித்தார். எந்த ஊர் கேட்டில் பஸ் நின்றாலும், ஏட்டு வருவதற்குள் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார்.