ஆக்ஸிஜன் பக்கத்தில் ஒரு புள்ளி

ஜெராக்ஸ் கடை ஸ்டெல்லா அக்கா இல்லை. காலையில் ஹார்ட் அட்டாக். கூடப் படித்த கவிதாவின் மெசேஜை இரண்டு தடவை படித்தேன்...

நெய்வேலியில் என்னோடு பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். தினமும் வடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து கடை திறப்பார். வட்டம் வட்டமான படங்களையே நாங்கள் காப்பி எடுப்பதால் எங்களுக்கு அவர் வைத்த பெயர் கோலக்காரிங்க.

கடைசிப் பரீட்சை. இரண்டு செமஸ்டர் பாடமும் ஒரே பேப்பரில். நான் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயிலான பேப்பர். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வீட்டில் இன்னொரு வருஷம் கேட்க முடியாது.

பாடம் எடுத்த சார் கையால் எழுதிய நோட்ஸ். ஒரிஜினல் அக்கா கடையிலேயே இருக்கும். ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொள்வோம்.

அதில் ஒரு கோஎன்சைம் படம். ஆக்ஸிஜன் பக்கத்தில் கரும்புள்ளி. புள்ளி வைத்தால் ஜோடியில்லாத தனி எலக்ட்ரான் என்று அர்த்தம் என்றாள் கவிதா.

நெட்டில் அந்தப் புள்ளி இல்லை. ஆனால் பேப்பர் திருத்தப்போவது சார். அதனால் நெட்தான் தப்பு என்று முடிவு செய்தோம்.

அந்த எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது... மூன்று நாள். மற்ற யூனிட் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் அழுதேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தபோது அப்பாவின் ஆதார் காப்பி கண்ணில் பட்டது. அதே கடையில் எடுத்தது. வலது ஓரத்தில், மேலிருந்து நான்கு விரல் கீழே, அதே புள்ளி.

நோட்ஸைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும்.

நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன். நாலு பேர் நிற்கும்போது.

அக்கா என்னைக் கத்த விட்டார். பிறகு, "தொடச்சிகினுதாம்மா இருக்கேன். ரப்பர் தேஞ்சி போச்சி, கரித் தூசி கண்ணாடிக்கு அடியில பூந்துக்குது. ஒங்க பாடத்துலயும் பூந்துக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஸ்குரூ டிரைவர் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்துக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. வெறும் ஆக்ஸிஜன்.

பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. கடை வாசலில் நின்றபடியே.

பாஸ். ரிசல்ட் வந்த அன்றே போனேன். எல்லோர் முன்னாலும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அத வுடு. புள்ளிக்கு மார்க்கு போட்டாங்களா இல்லியா?" என்றார்.

அன்று போகாமல் இருந்திருந்தால்... இல்லை, போனேன். காலையிலிருந்து இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஷட்டரில் அவருடைய படம். அவர் மெஷினிலேயே அவர் தம்பி காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார்.

வலது ஓரம். மேலிருந்து நான்கு விரல்.

போய்ட்டு வாங்க அக்கா.