களிக்குள் ஒரு பேரீச்சங்கொட்டை

தோணிரேவுக் குப்பத்தில் இத்தர் என்பவனை எல்லோருக்கும் தெரியும். அவன் தாய்மொழிதான் ஒருவருக்கும் தெரியாது. ஆப்பிரிக்காவின் வடமேற்கே மக்ரிபு தேசத்தில், சூஸ் மலைச்சரிவில் பிறந்த அமாசிக் இனத்தவன். ஒல்லாந்தர் கப்பலில் பாய் கட்ட வந்தவனை, கால் முறிந்ததும் பழவேற்காட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் கோவிந்தம்மாவைக் கட்டிக்கொண்டான். தமிழ் வந்தது. பிள்ளை மட்டும் தங்கவில்லை.

சாவதற்குள் ஒருமுறையாவது தன் மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும். வேறெதையும் அவன் கேட்டதில்லை. கப்பல் வரும்போதெல்லாம் துறைக்கு நொண்டிக்கொண்டே போவான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவான்.

பொங்கலை ஒட்டி அவன் ஊரில் புத்தாண்டு. அன்று பார்லியில் களி கிண்டி, நடுவே குழித்து எண்ணெய் விட்டு, உள்ளே ஒரு பேரீச்சங்கொட்டையை ஒளித்துவைப்பார்கள். அது யார் வாயில் படுகிறதோ அவருக்கு நல்ல ஆண்டு. இங்கே பார்லி ஏது? கேழ்வரகில் கிண்டினான்.

"பல்லு போனதுதான் மிச்சம்யா. இன்னா நல்லது வந்துது?" என்பாள் கோவிந்தம்மா, வருஷம் தவறாமல்.

ஒரு தையில், களியை இறக்கிவைத்த நேரம், ஒல்லாந்தர் கோட்டைக் காவலாள் தாமோதரன் வந்தான்.

"யோவ் நொண்டி, கப்பல்லேந்து காய்ச்சக்காரன் ஒருத்தன எறக்கிக்கிறாங்க. நீ தூக்கத்துல ஒளறுவியே, அதே மாரி ஒளர்றான். வந்து பாரு."

இத்தர் களிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கோவிந்தம்மா பின்னால் ஓடினாள்.

துறைக் கொட்டகையில் கிடந்தவன் சூஸ்காரனேதான். இத்தர் அவன் காதருகே குனிந்து பேசினான். அவனுக்கே பாதிச் சொற்கள் கைவிட்டுப் போயிருந்தன. அந்த மனிதன் கண் திறந்து ஏதோ கேட்டான். இத்தர் பதில் சொல்லி ஒரு கவளம் ஊட்டினான். கொட்டை அவன் பல்லில் பட்டது. சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது. கவளம் இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டான்.

"இன்னாய்யா கேட்டான்?"

"மலையில மழை பெஞ்சுதான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"பெஞ்சுதுன்னேன்."

அதன் பிறகு இத்தர் துறைக்குப் போகவில்லை. களியும் கிண்டவில்லை.

சில வருஷம் கழித்து அவனையும் காய்ச்சல் தள்ளியது. தமிழ் அடியோடு விட்டுப்போய், தன் மொழியில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டான். கோவிந்தம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. காதருகே குனிந்தாள்.

"பெஞ்சுதுய்யா. நல்ல மழை."

அவன் அவளை யாரோ மாதிரிப் பார்த்தான். மறுபடியும் அதையே கேட்டான்.