சைக்கிள் துரைசானி

“லயத்துல பொறந்த புள்ளைக்குத் தனியாப் படுக்கத் தெரியாதும்மா. நீ எங்க போயி வேலை பாக்கப்போற?”

அடுப்பின் முன் குந்தி, கொள்ளியில் பீடியைப் பற்றவைத்தபடி அப்பா இதைக் கேட்டார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. மத்தியானம் மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னார். ராகலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடுமுறை முடிவதற்குள் போவதா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆனாலும் அப்பா சொன்னது உண்மை.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டின் ஒரே காம்பராவில் அத்தனை பேரும் படுத்து வளர்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாமா இருமினால், “சுடுதண்ணி குடிச்சிட்டுப் படுங்கண்ணே” என்று அம்மா இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லுவாள். ஒருத்தியின் புருஷன் கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் இராவேலைக்குப் போய்விட்டால், துணைக்குப் படுக்க ஒரு சிறுமியைப் பக்கத்து வீட்டிலிருந்து அனுப்புவார்கள். அவள் கேட்கவே வேண்டியதில்லை. விளக்கு வைத்ததும் சிறுமி பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். பல வருடங்கள் அந்தச் சிறுமி நான்தான். ஹட்டனில் படித்த காலத்திலும் போர்டிங்கில் கட்டில்களை நெருக்கிப் போட்ட ஒரே மண்டபம். படித்த பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்கு உதவி ஆசிரியை ஆன பிறகும் என் கட்டில் அந்த மண்டபத்தை விட்டு நகரவில்லை. ஒரு கதவைச் சாத்தி, அதற்குள் நான் மட்டும் இருந்த இரவு என்று ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அந்த விடுமுறையில்தான் சைக்கிள் துரைசானி வந்தார். தோட்டத்தை நடத்தும் துரையின் மனைவியைத்தான் துரைசானி என்போம். இவர் எந்தத் துரையின் மனைவியும் இல்லை. ஹாலந்திலிருந்து கப்பலில் சைக்கிளோடு வந்து, கொழும்பிலிருந்து ரயிலில் சைக்கிளோடு ஹட்டனில் இறங்கியவர். ஐம்பது வயதை நெருங்கிய, நெடுநெடுவென்ற பெண். வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. ஆண்களைப்போல் அரைக்கால் சட்டை. நுவரெலியா மலைகளைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க வந்திருந்தார். தங்கியது எங்கள் தலைமை ஆசிரியை வீட்டில்; தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, “அவங்களுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. நீ கூட இல்லன்னா அவங்களால ஒரு மைல்கூடப் போக ஏலாது” என்றார். போர்டிங் முற்றத்தில் சைக்கிள் பழகியிருந்தவள் நான் ஒருத்திதான். பெரிய டீச்சர் தன்னுடைய லேடீஸ் சைக்கிளையும் தந்தார். என் ஆங்கிலத்துக்காக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்தேன். அப்பாவும் மறுக்கவில்லை. “வெள்ளைக்காரம்மா கூடத்தானே போற. தனியா இல்லையே” என்றார். திரும்பும் நாளில் ஹட்டன் ஸ்டேசனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

புறப்பட்ட முதல் மேட்டிலேயே துரைசானி என்னைப் பின்னால் விட்டுவிட்டார். அவருடைய சைக்கிளில் மேட்டுக்கு ஒரு பல்சக்கரம், பள்ளத்துக்கு ஒரு பல்சக்கரம் என்று மாற்றிக்கொள்ளலாம். என்னுடையதை மேட்டில் உருட்டத்தான் வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். வளைவுகளைத் தாண்டித் தாண்டிப் போனால் எங்காவது ஒரு மதகின்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் ஒரு சுளையை நீட்டுவார். நான் வாயில் போடுமுன் எழுந்துவிடுவார். நில்லுங்கள் என்று கத்த என் மானம் இடம் கொடுக்கவில்லை. தலவாக்கலைக்கு முன்னால் ரோட்டுக்கு மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டு நிமிர்ந்தார்கள்.

“ஏய் இங்க பாருங்கடி, சைக்கிளுக்கு நடக்கப் பழக்கிக்கிட்டுப் போறாங்க!”

“முன்னாடி போறது பழகிருச்சு. பின்னாடி வர்றதுதான் அடம்புடிக்குது!”

சரிவு முழுக்கச் சிரிப்பு இறங்கி வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. என் அம்மாவும் கூடையோடு நின்று ரோட்டில் போகிறவர்களைப் பார்த்து அப்படித்தான் சிரிப்பாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அவர்களில் ஒருத்தியாகியிருப்பேன். எனக்குச் சொல்ல வரவில்லை. படித்தவள்போல் தலையைக் குனிந்துகொண்டு உருட்டினேன்.

அன்று மாலை ஒரு தோட்டத்துப் பங்களாவில் தங்கினோம். துரைசானியைப் பார்த்ததும் வாசல் காவல்காரர் சலாம் வைத்தார். என்னை நிறுத்தி, “நீங்க எந்தத் தோட்டம்?” என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவரை அறிய முதலில் கேட்பது அதைத்தான், பேர் அப்புறம்தான். ஹட்டனில் டீச்சர் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெளியவில்லை. உள்ளே சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய குழப்பம். துரையின் மேசையில் என்னை உட்காரவைக்க முடியாது. குசினித் தரையில் தங்களோடு உட்காரவைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. “டீச்சரம்மாவை எங்க வைக்கிறதுன்னு தெரியலீங்களே” என்று என்னிடமே சொன்னார். கடைசியில் மேசைக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நடையில் ஒரு நாற்காலி போட்டார். ஒரு பக்கம் ஆங்கிலப் பேச்சு, ஒரு பக்கம் தமிழ்ப் பேச்சு, இரண்டும் நன்றாகவே புரிந்தன. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே சாப்பிட்டேன். படுக்க இடம் கொடுத்தது ஆயாவோடு. ஆயா குறட்டை விட்டாள். அந்தச் சத்தம்தான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே உறவு. நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் நானுஓயாவுக்கு மேலே ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. சேலை நனைந்து காலோடு ஒட்டியது, சங்கிலி இரண்டு தடவை கழன்றது. மேலே ஒரு சைப்ரஸ் மரத்தடியில் நின்றவரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “உங்களுக்காகப் பேசத்தான் என்னை அழைத்து வந்தீர்கள். ஒரு மைல் முன்னால் போனால் நான் யாரோடு பேசுவது?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். பிறகு மெதுவாக, சொல் சொல்லாகத் தேடிச் சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப்போல் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலந்தான்.

“நான் உன்னை அழைக்கவில்லை. தனியாகப் போகத்தான் வந்தேன். ஒரு பெண் தனியாகப் போனால் விடமாட்டோம் என்றார் உன் தலைமை ஆசிரியை. உன்னைக் கூட்டிக்கொண்டால் போகலாம் என்றார். சரி என்றேன்.”

மழையில் நின்றபடி அதைக் கேட்டேன். அப்படியானால் என் ஆங்கிலம் அவருக்குத் தேவையே இல்லை. லயத்தில் ஸ்டோர்காரன் பெண்சாதிக்குப் பாயோடு போய் நின்றேனே, அதே வேலைதான். அப்போதாவது அவர்கள் என்னைக் கண்டதும் விளக்கைத் தூண்டி, “வாம்மா” என்றார்கள். அழுகையை அடக்கக் கழன்ற சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டேன். துரைசானியும் குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கையும் கறுத்தது. மாட்டி முடிந்த பிறகு, “உனக்குப் போக வேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். ஆறுதலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. என்னை விட்டுவிட்டுப் போக அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது. “ராகலை” என்றேன்.

மறுநாள் காலை நுவரெலியாவில் பிரிந்தோம். அவர் வெலிமடைப் பக்கம் இறங்கினார். குறித்த நாளில் நானுஓயா ஸ்டேசனில் சந்திப்பது, பெரிய டீச்சருக்குத் தெரியவேண்டியதில்லை என்று பேச்சு. கந்தப்பளை வரையிலும் ஒவ்வொரு வளைவிலும் மதகைப் பார்த்துக்கொண்டே போனேன், ஆரஞ்சு உரித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பதுபோல. யாரும் இல்லை. மலைக்கு இந்தப் பக்கத்தில் என்னை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்ற நினைப்பு வந்ததும் இறக்கத்தில்கூட இறங்கி உருட்டினேன்.

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன தோட்டத்து லயத்துக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை, சப்பாத்து, கைப்பிடியில் கறுப்புப் பை; சைக்கிள் மணியை அடித்தேன். “ஊசீ!” என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாம் தேயிலைக்குள் போய்விட்டன. அம்மைக்கு ஊசி குத்த வரும் அம்மாதான் அந்த வேடத்தில் வருவாள் என்பது எனக்கு உடனே விளங்கியது. நானும் அப்படி ஓடியவள்தான். இப்போது என்னைக் கண்டு ஓடுகிறார்கள். காலியான முற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கோழி மட்டும் நின்றது.

பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு ஊசின்னு யாரும் சொல்லலீங்களே?”

“ஊசி இல்லக்கா. ஸ்கூலுக்கு டீச்சரா வரலாமான்னு பாக்க வந்தேன்.”

“அட கடவுளே! ஏய், வாங்கடா வெளியில! ஊசி இல்லடா, டீச்சருடா!”

தேயிலைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “டீச்சருன்னா அடிக்குமா?”

“நீங்க எந்தத் தோட்டம்ங்க?” என்றார் அக்கா. இந்தத் தடவை ஹட்டன் என்று சொல்லவில்லை. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். “அப்ப லயத்துப் புள்ளையா? சைக்கிள்ல வர்றீங்களேம்மா!” என்று என் சப்பாத்திலிருந்து தலைவரை பார்த்தார். பள்ளிக்கூடம் ஒரு தகரக் கூரை மண்டபம். அதன் ஓரத்தில் ஆசிரியருக்கு ஓர் அறை. முன்னால் இருந்த மாஸ்டரைப் பற்றி அக்கா கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: “பாவம், ராவுல கூரையில மழை அடிச்சா யாரோ கூப்புடுறாங்கன்னு எந்திரிச்சு வெளியில வந்து நிப்பாரு. ஒரு நாளு அப்புடியே போயி பஸ் ஏறிட்டாரு. ஆம்பளைக்கே அப்புடி. நீங்க பொம்பளை வேற.”

விளக்கு வைக்கும் நேரத்தில் கதவடியில் ஒரு சிறுமி வந்து நின்றாள். அக்காவின் மகள். கக்கத்தில் பாய்.

“டீச்சருக்குத் தொணைக்குப் படுக்கச் சொல்லிச்சு அம்மா.”

அவளை உள்ளே அழைத்திருந்தால் அந்த இரவு சுகமாகப் போயிருக்கும். ஆனால் அடுத்த நாளும் அவள் வர வேண்டும், அதற்கடுத்த நாளும். அவள் வராத அன்று நானும் பஸ் ஏறிவிடுவேன். “நாளைக்குக் காலையில வாம்மா, படிக்க” என்று திருப்பி அனுப்பினேன். அவள் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா சொன்னது சரிதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் விடிந்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் கதவைத் திறந்தேன். கூடையும் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்குமாகப் பனியில் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“உசுரோடதான் இருக்காங்கடி!”

“இருக்காம? மாஸ்டருன்னு நெனச்சியா?”

“கண்ணப் பாருங்கடி, எங்க தூங்குனாங்க!”

“நீங்க கும்மாளம் போடுறதுல எவதான் தூங்குவா?” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே மலை ஏறினார்கள்.

இன்றும் அதே அறையில் இருந்துதான் எழுதுகிறேன். துணைக்குப் படுக்க யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. மழை நாட்களில் இன்னும் விழிப்பு வருகிறது. யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆகிறது. துரைசானி அப்புறம் எந்தெந்த மலையில் ஏறினாரோ, தெரியாது. அவர் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவர் விரும்பிய தனிமையும் எனக்கு வாய்த்த தனிமையும் ஒன்றல்ல. நான் தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான், அதற்காக நினைத்துக்கொள்கிறேன்.

துரைசானியோடு அன்று குறித்த நாளில் சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றி நுவரெலியா வந்து, அங்கிருந்து நானுஓயாவுக்கு இறங்கினேன். இறக்கம் முழுக்க ஒரு தடவைகூடக் காலை ஊன்றவில்லை. துரைசானி எனக்கு முன்பே வந்து மேடையில் காத்திருந்தார். ரயில் கார்டு இரண்டு சைக்கிளையும் வண்டியில் ஏற்றினார். துரைசானியின் டிக்கெட்டை மட்டும்தான் காட்டினோம்; நான் டிக்கெட் எடுக்கவில்லை. துரைசானி என்னைப் பார்த்தார்.

“ஹட்டனில் அப்பா நிற்பார். லேடீஸ் சைக்கிளை அவரிடம் கொடுத்துவிடுங்கள்” என்றேன்.

“எப்படி அடையாளம் தெரியும்?”

“பழைய கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பார். காலில் செருப்பு இருக்காது.”

“அப்படி நிறையப் பேர் நிற்பார்களே.”

“சைக்கிளைக் கண்டதும் ஓடி வருவார். பக்கத்தில் என்னைத் தேடுவார். அவர்தான்.”

ரயில் தலவாக்கலைப் பக்கமாக வளைந்து மறைந்தது. அப்பா அன்று ஹட்டன் கடைத்தெரு வழியாக அந்த லேடீஸ் சைக்கிளைப் பெரிய டீச்சர் வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாராம். மகள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், “வேலைக்குப் போயிருக்கா” என்று சொன்னாராம். அந்த நேரம் நான் ராகலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.